ஒரு வானொலிக்குப் பத்துக் குடும்பம்



“இந்தக் கைப்பேசி வந்ததிலிருந்து வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை” என்று குறைப்பட்டுக்கொள்ளாத வீடு இன்று நம்மிடையே உண்டா? முதலில் பாட்டி குறை சொல்கிறார். பேரன் காதில் வாங்குவதில்லை. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாட்டியின் கையிலும் ஒன்று இருக்கிறது!

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆனால் அறிவுரை சொல்லும் அளவுக்கு நான் யோக்கியன் அல்லன். என் கைப்பேசியும் ராத்திரி தலைமாட்டில்தான் கிடக்கிறது. ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த தம்பதியர் சொன்னதை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஐயா என்றும் அம்மா என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஐயாவுக்கு வயது 80, அம்மாவுக்கு 76. 1968-இல் மணமுடித்தவர்கள். பேராக் மாநிலம் பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டமொன்றில் இருவரும் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். பிற்பாடு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள். இப்போது தாமானில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மகளும் மருமகனும் தொழிற்சாலையில் மாற்றுநேர வேலை. பேரன் என்னிடம் படித்தவன். அந்தப் பழக்கத்தில் மாதம் ஒருமுறையாவது அங்கே போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவேன்.

அவர்கள் கத்தோலிக்கக் கிறிஸ்துவர்கள். நான் அந்தச் சமயத்தவன் அல்லன். ஆயினும் அந்தி சாய்ந்தால் விளக்கேற்றிக் கும்பிடும் எந்த வீட்டுக்கும் இவர்கள் கதை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பாட்டரி வானொலிக் காலம்

பாகான் செராயில் 1880-களில் ஃபே என்ற பிரெஞ்சுக்காரப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றி ஒரு கோயிலையும் அமைத்தார். அந்த வழியில் வந்தவர்கள் ஐயாவின் முன்னோர். தோட்டத்தில் ஒரு சிறு கெபி இருந்தது. மாதத்துக்கு ஒருமுறைதான் சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் மணியடிப்பார். லயத்து ஜனம் கூடிச் செபமாலை சொல்லும். செபமாலை என்றால் மணிகளை உருட்டிக்கொண்டே மாதாவை நோக்கிச் சொல்லும் வேண்டுதல். ஒருவர் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிப்பார்கள். தனியாகவும் சொல்லலாம் என்றாலும், சேர்ந்து சொல்வதே அந்தக் குடும்பங்களின் வழக்கம்.

ஐயா சிறுவனாக இருக்கையில் பூசையில் உதவி செய்தவர். அப்போது பூசை லத்தீன் மொழியில்.

“வாத்தியாரே, பொருள் தெரியாமலே பூராவும் மனப்பாடம் பண்ணிட்டேன். தப்பாச் சொன்னா சாமியார் ஒரு பார்வை பார்ப்பாரு. அதுக்குப் பயந்தே சரியாச் சொல்வேன்” என்று சிரிக்கிறார்.

அந்த நாளில் அவர்கள் லயத்தில் இருந்தது ஒரே வானொலிப் பெட்டி. பாட்டரியில் ஓடுவது. மண்டோர் வீட்டுத் திண்ணையில் அதை வைத்தால், பத்துக் குடும்பம் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்கும். நாடகத்தில் யாராவது அழுதால் லயமே அழும். பாட்டரி தீர்ந்துபோனால் எல்லாரும் காசு போட்டு வாங்குவார்கள்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை ஐயா மறக்கவில்லை. அவருக்கு அப்போது 18 வயது. அம்மாதம் 28-ஆம் தேதி நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதே மாதம் 4-ஆம் தேதி வத்திக்கானில் கூடியிருந்த திருச்சபைச் சங்கம் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று, வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு இடம் தந்தது. மற்றொன்று பத்திரிகை, சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகிய கருவிகளை நல்லதற்குப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்ததும், தோட்டத்து மண்டபத்துக்குத் தொலைக்காட்சி வந்ததும் அடுத்தடுத்த சில ஆண்டுகளில் நடந்தன என்கிறார் ஐயா.

தொலைக்காட்சி வந்ததும் முதல் சண்டையும் வந்தது! தமிழ்ப் படம் போடும் நாளில் செபமாலைக்கு ஆள் இல்லை. மண்டபமோ நிறைந்து வழிந்தது. ‘அது பிசாசுப் பெட்டி’ என்றார் ஐயாவின் தகப்பனார். உபதேசியாரோ புத்திசாலி. பெட்டியை ஏசாமல், படம் போடும் நாளில் மட்டும் மணியை முக்கால் மணி நேரம் முன்னதாக அடித்தார். செபமாலை முடிந்ததும் அவரே முதல் ஆளாக மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கருவிக்கு அஞ்சாத முன்னோர்

இதைக் கேட்டதும், நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றை ஐயாவிடம் சொன்னேன். அச்சு இயந்திரம் நம் மொழிக்கு எப்படி வந்தது? 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றில் அச்சான முதல் நூல் அதுதான். அது ஒரு கிறிஸ்துவச் செபப் புத்தகம். ஆக்கியவர் அண்டிரிக்கு பாதிரியார் என்ற போர்த்துக்கீசியர். பின்னர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் அங்கே அச்சுக்கூடம் வைத்து 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1931-இல் வத்திக்கான் வானொலியை நிறுவிக் கொடுத்தவரோ கம்பியில்லாத் தந்தியால் உலகப் புகழ் பெற்ற மார்க்கோனி!

ஆக, புதிய கருவி வந்தபோதெல்லாம் சமயம் அதைக் கண்டு ஓடிவிடவில்லை. எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. ஐயா இதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு ஒன்று சொன்னார்:

“எல்லாம் சரி வாத்தியாரே. ஆனா ஒரு கணக்குப் பாருங்க. வானொலி ஒண்ணுக்குப் பத்துக் குடும்பம். மண்டபத்துத் தொலைக்காட்சிக்கு ஒரு தோட்டமே. நான் 1982-ல தவணைக்கு ஒண்ணு வாங்கினேன். அது ஒரு வீட்டுக்கு ஒண்ணு. இப்ப இந்தப் போன்? ஒரு ஆளுக்கு ஒண்ணு. பெட்டி சின்னதாக ஆக, கூட உட்காரும் ஆளும் குறைஞ்சுக்கிட்டே வருது பார்த்தீங்களா?”

இந்த ஒரு கணக்கைத்தான் நான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மேற்கொண்டு நடந்ததைக் கேளுங்கள்.

கதவு மூடிய காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் எல்லாம் மூடப்பட்டன. நம் பள்ளிக்கூடங்களும் மூடின. பேரன் அப்போது மூன்றாம் ஆண்டு. நான் பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அந்த வீட்டில் பகலில் இருந்தது பாட்டியின் கைப்பேசி ஒன்றே. பையன் எழுதிய ஏட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பப் பழகிக்கொண்டவர் அந்த அம்மாதான். முதல் வாரம் ஏட்டுக்குப் பதில் அவர் கட்டைவிரலின் படம் வந்தது. மூன்றாம் வாரம் பிசகில்லாமல் வந்தது!

அவர்களின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். எல்லை மூடியபோது அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஊர் வர முடியவில்லை. ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் வருவார். இங்கே மாதா படத்தின் முன் கைப்பேசியைச் சாய்த்து வைப்பார்கள். செபமாலையின் ஐந்தாவது பத்து மணியை அவர்தான் சொல்வார்.

“அந்தப் பெரிய வியாழன், பெரிய வெள்ளியை எல்லாம் இந்தச் சின்னக் கண்ணாடியிலதான் பார்த்தோம்” என்கிறார் அம்மா. மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2020 மார்ச் 27-ஆம் தேதி மழையில், ஆளே இல்லாத பெரிய சதுக்கத்தில் தனியாக நின்று உலகத்துக்காக வேண்டினாரே, அதையும் அவர் பார்த்தார். “அவ்வளவு பெரியவர் தனியா நிக்கிறாரேன்னு அழுதுட்டேன். ஆனா நான் தனியா இல்லங்கிற தைரியமும் அப்பதான் வந்துச்சு.”

கைப்பேசி இல்லாதிருந்தால் அந்த நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இதை ஐயாவும் மறுக்கவில்லை.

2022 ஏப்ரல் முதல் தேதி ஜோகூர்ப் பாலம் பழையபடி திறந்தது. மகன் வந்தார்; கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அதற்குப் பிறகு இரவு அழைப்புக் குறைந்தது. நாள்தோறும் வந்தது வாரத்துக்கு ஒன்றாயிற்று. “வர முடியாதப்ப தினமும் கூப்பிட்டான். வரலாம்னு ஆனதும் கூப்பிடறதும் போச்சு, வரதும் இல்ல” என்று அம்மா சொன்னபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அன்றிரவே ஊருக்குப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாயிற்று

கோயில் திறந்த பிறகுதான் இந்த வீட்டில் உண்மையான சிக்கல் தொடங்கியது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மருமகனிடம் மோட்டார் சைக்கிள்தான் உண்டு. ‘போன்லயே பூசை பார்த்துக்கிறேன்’ என்று அம்மா நாற்காலியில் இருந்துவிட்டார். ஐயா மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு போனார்.

1968 முதல் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்! ஐயா மனம் பொறுக்கவில்லை. “நற்கருணை கம்பி வழியா வருமா? கல்யாணச் சாப்பாட்டைப் படத்துல பார்த்தா வயிறு நிறையுமா?” என்று கேட்டார். “நொண்டிக்கிட்டு வந்து விழுந்தா யார் பார்க்கிறது?” என்று அம்மா கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. நடக்க முடியாத நோயாளி ஒளிபரப்பில் பூசை காண்பது நல்லதே என்கிறது அவர்கள் திருச்சபை. முடிந்தவர் நேரில் போக வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மா எந்தப் பக்கம்? அதுதான் வழக்கு. ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படியே சென்றது. சண்டை ஓய்ந்து, பேச்சே குறைந்துபோயிற்று.

யாரிடமும் சொல்லாதே

இந்த நிலையில்தான் அது நடந்தது. ஐயா ரத்த அழுத்த மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தார். பையன் பள்ளியில். அம்மா தனியாக இருக்கையில் ஓர் அழைப்பு. மலாயில் பேசியவன் போலீஸ் அதிகாரி என்றான். ‘உங்கள் அடையாளக் கார்டு எண்ணில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, கைது ஆணை தயார்’ என்றான். கையும் காலும் நடுங்கின. ‘உங்கள் பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுகிறோம். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் உன் பிள்ளைகளையும் பிடிப்போம்’ என்று மிரட்டினான். கார்டு எண்ணைக் கேட்டான். கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைப் படிக்கச் சொன்னான். அம்மா படித்தார். 4,200 வெள்ளி போயிற்று. வேளாங்கண்ணிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று இருவரும் ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம்!

வாசகர்களே, ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். திருடன் முதலில் செய்த வேலை அந்த அம்மாவைத் தனிமைப்படுத்தியதுதான். மண்டோர் திண்ணையில் பத்துக் குடும்பம் உட்கார்ந்து கேட்ட வானொலியில் இப்படி ஒருவன் பேசி ஏமாற்றியிருக்க முடியுமா? பத்துப் பேரில் ஒருவராவது ‘அடே, யாரடா நீ?’ என்று கேட்டிருப்பார்.

அம்மா நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. ஐயா வேளாங்கண்ணிப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவார். தவக்காலம் வந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது அவர்களின் பழக்கம். அதாவது குருவிடம் நேரில் போய்க் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது.

“பூசையைப் போன்ல பார்த்தேன், செபத்தைப் போன்ல சொன்னேன். ஆனா பாவசங்கீர்த்தனம் போன்ல செல்லாது வாத்தியாரே. சாமியார் முன்னால போய்த்தான் முழந்தாள் போடணும். எனக்கு முழந்தாளே மடங்காது! அப்பதான் பேரன்கிட்ட, ‘அய்யா, யாராச்சும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களான்னு கேளுடா’ன்னு சொன்னேன்.”

பேரன் அவர்கள் அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி போட்டான். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. கால் மணி நேரத்தில் மூன்று பேர் ‘நான் வருகிறேன்’ என்று பதில் போட்டார்கள். ஓராண்டாக இதை ஒருவரும் கேட்கவில்லை; அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை!

சாமியார் பொறுமையாகக் கேட்டாராம். “ஏமாந்தது பாவம் இல்லம்மா. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடுங்க” என்றாராம். கோயில் வாசலில் கார் வரும் வரை நின்றபோது அம்மா சொல்லிவிட்டார். ஐயா வெகுநேரம் பேசவில்லையாம்.

“என்ன சொன்னீங்க ஐயா?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது? பணத்தைப் பத்தி ஒண்ணும் தோணல. நாலு மாசமா ராத்திரி இவ தூங்காமக் கிடந்ததை நான் பார்த்தேன். கால்வலின்னு நினைச்சுக்கிட்டேன். கேட்கலையே! பூசைக்கு வரலன்னு கோபமா இருந்தேன். அதனால கேட்கல. நானும் அன்னைக்கே திரும்பிப் போய் சாமியார்கிட்டச் சொன்னேன்.”

அம்மா தலையைக் குனிந்து காப்பிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வீட்டில்

மறுநாள் ஐயாவும் பேரனும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். நாள் கடந்துவிட்டபடியால் பணம் திரும்பவில்லை. ஆகவே நீங்கள் இதை மனத்தில் இருத்துங்கள். இப்படி நேர்ந்தால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். மோசடிகளைக் கவனிக்க 2022-இல் அரசாங்கம் தொடங்கிய தேசிய மையத்தின் எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடுமுன் சொன்னால்தான் முடக்கி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே இலாபம். போலீஸோ வங்கியோ நீதிமன்றமோ தொலைபேசியில் உங்கள் இரகசிய எண்ணைக் கேட்காது. பணத்தை மாற்றவும் சொல்லாது.

அந்த வீட்டில் இப்போது மூன்று பழக்கங்கள் உண்டு. அறியாத அழைப்பு வந்தால், ‘இருங்க, வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு எல்லாருடைய கைப்பேசியும் கூடைக்குள் போகும். ஒன்று மட்டும் மாதா படத்தின் முன் இருக்கும். அந்த ஒன்றில் மகனை இவர்களே கூப்பிடுகிறார்கள். ‘அவன் கூப்பிடலன்னு காத்திருக்கிறதை விட நாமளே கூப்பிட்டா என்ன குறைஞ்சு போச்சு?’ என்கிறார் ஐயா. வேலையில்லாத இரவில் மகன் ஐந்தாவது பத்து மணியைச் சொல்கிறார். மூன்றாவது, ஞாயிறு காலை அன்பியத்துக் கார் வரும். அம்மாவை ஏற்றப் போன கார், இப்போது அதே தெருவில் இன்னும் இரண்டு மூதாட்டிகளையும் ஏற்றிக்கொள்கிறது. மழைநாளில் கால் வீங்கிவிட்டால் அம்மா கைப்பேசியில்தான் பூசை காண்கிறார். ஐயாவும் அதற்கு இப்போது முகம் சுளிப்பதில்லை. கோயிலிலிருந்து வந்ததும் பிரசங்கத்தில் கேட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்.

வேளாங்கண்ணி போக முடியவில்லை. அதற்குப் பதிலாக, ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அர்ச்சிஷ்ட அன்னம்மாள் திருநாளுக்கு அன்பியத்து 11 பேர் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். பேரன் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தான். ஐயாவும் அம்மாவும் நடுவில் நிற்கும் அந்தப் படம் எனக்கும் வந்தது. அதில் கட்டைவிரல் இல்லை!

வாசகர்களே, உங்கள் வீட்டில் எத்தனை கைப்பேசிகள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, அவற்றில் ஒன்றையாவது வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து பயன்படுத்தும் நேரம் ஒரு நாளில் எவ்வளவு என்றும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் கும்பிடுவது மாதாவாக இருக்கலாம், மாரியம்மனாக இருக்கலாம். இன்று அந்தி விளக்கு வைக்கும்போது, தொலைவில் இருக்கும் பிள்ளையை நீங்களே கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கும் கிழவியிடமும், ‘ராத்திரி தூங்கினாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.